ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த சீட்டு

குன்சான்
மார்ச் 9

அன்பு மகள் ஹேவோனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முட்டிவலி மட்டும் தினமும் அவளுக்கு முன்னால் எழுந்துகொள்கிறது. கால்கரியில் பனி இன்னும் கரையவில்லை என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீயும் உன் வயிறும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு.

மே மாதம் என் எழுபதாவது பிறந்தநாளுக்கு வருவது சந்தேகம்தான், வந்தாலும் ஓட்டலில் தங்கி, கையோடு கொண்டுவருவதைச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் பேசவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். போன தடவை நீ வந்தபோது அவள் கோதுமை கலக்காத சோயா சாஸுக்காக ஊரெல்லாம் அலைந்து, புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்கிச் சமைத்தாள். அப்படியும் நீ சுருண்டு படுத்துவிட்டுப் பத்தாம் நாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாய், இந்த வீடே உனக்குப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். சரி, வீட்டில் வேண்டாம், விருந்தை வெளியே வைத்துக்கொள்வோம் என்று நீ விட்டுப்போன சீட்டை ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடை பார்க்கக் கிளம்பினேன். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் துளி உள்ளே போனாலும் எனக்குக் குடல் புண்ணாகிவிடும் என்று உன் கையெழுத்தில் இருக்கிறதே, அதே சீட்டுதான்.

முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவனுக்குச் சாப்பாட்டுக்கடை தெரியாதா. முதல் கடைக்காரன் சீட்டைப் படிக்காமலே, நாம திங்கிறது சோறுண்ணே, இதுல கோதுமை எங்கேருந்து வரும் என்றான். இரண்டாவது கடையில் ஒருத்தி, கொஞ்சூண்டு பட்டா என்ன ஆயிடப்போவுது, வெளிநாடு போனா வயிறும் வெள்ளைக்கார வயிறா மாறிடுமா என்றாள். எனக்குச் சுருக்கென்றது, இதையே நானும் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து நேரே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். சோயா சாஸில் கோதுமை, மிளகாய் விழுதில் கோதுமை, நண்டுக் குச்சியில் நண்டைவிடக் கோதுமைதான் அதிகம். இரண்டு மணி நேரம் ஆகியும் கூடை பாதிகூட நிரம்பவில்லை. நீ ஆறு வருஷமாகத் தன்னந்தனியாக, வேலை முடிந்து களைத்து வந்து, ஒவ்வொரு வேளையும் இந்தப் பரீட்சையை எழுதிவிட்டுத்தான் சாப்பிடுகிறாய். இவ்வளவு பொறுமை என் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த அலமாரி முன்னால் பிரமித்துப்போய் நின்றேன், என்னிடமிருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மறுநாள் துறைமுகத்துப் பக்கம் மீன் சுட்டுக் கொடுக்கும் ப்யோ அம்மாளின் கடைக்குப் போனேன். அந்த அம்மாள் சீட்டை இரண்டு தடவை உதடசைத்துப் படித்தார். முதலில் என் மேஜையிலிருந்த தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு போனார், எல்லாக் கடையிலும் வைப்பதுபோல அது வறுத்த பார்லி போட்டுக் காய்ச்சிய தண்ணீர். பிறகு உள்ளே இருந்த பாட்டில், டப்பா எல்லாவற்றையும் கொண்டுவந்து என் முன்னால் அடுக்கி ஒவ்வொன்றாகப் படித்துத் தள்ளி வைத்தார். கடைசியில் உப்பு மட்டும்தான் மிஞ்சியது. உப்பு போதும்ணே, புதுக் கம்பிவலை வாங்கி அதுல சுடறேன், அன்னிக்கு மாவுல பொரட்டின மீன் யாருக்குமே கெடையாது என்றார். முன்பின் தெரியாத என் மகளுக்காக ஒரு நாள் வியாபாரத்தையே மாற்றிக்கொள்கிறாரே என்று எழுந்து நின்று தலை குனிந்து வணங்கினேன். நான் கிளம்பும்போது, வீட்டுல பொண்ணுக்கு என்ன தண்ணி குடுப்பீங்க என்று கேட்டார். சோளத் தண்ணிதான், நானே காய்ச்சுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். வெறும் சோளமா, நெறத்துக்கு ஒரு பிடி பார்லி போடாம யாருண்ணே காய்ச்சுறா என்றார்.

ஹேவோன், நான் போடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு சமையலறையில் எனக்கென்று இருக்கும் ஒரே வேலை அந்தத் தண்ணீர்தான். அந்த ஒரு பிடியை நான் ஒரு பொருளாகவே நினைத்ததில்லை. வந்த அன்று, இது பார்லியாப்பா என்று நீ கேட்டாய், சோளந்தான் குடி என்றேன், கொஞ்சம் முறைத்தும் இருப்பேன், அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. வயிறு வலிக்கிறது என்றபோதெல்லாம் அதையே சுடவைத்துக் கொடுத்தேன். விமான நிலையத்தில் நான் நீட்டிய பாட்டிலையும் எனக்காக அங்கேயே நின்று குடித்து முடித்தாய். சீட்டு கதவுக்கு வெளியே, ஜாடி கதவுக்கு உள்ளே, தினமும் காலையில் நான்தான் அந்தக் கதவைத் திறந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், அப்போ அவ நம்மள பிடிக்காம ஓடலைங்க, வயித்து வலியிலதான் ஓடியிருக்கா என்று அழுதாள், சிரிக்கவும் செய்தாள். பார்லி மூட்டையைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். கெட்டில் புதிது, ஜாடி புதிது, இரண்டு வாரமாக இந்த வீட்டில் வெறும் தண்ணீர்தான். ஒரு ருசியும் இல்லை, குடித்துப் பழகிவிட்டேன்.

நீ நோயில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், பயமில்லாமல் ஒரு வேளையாவது எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மே மாதம் வா, உன் அறையை அம்மா துடைத்து வைத்திருக்கிறாள். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. நான் டம்ளரை நீட்டும்போது இதில் என்ன இருக்கிறது என்று கேள், நான் சொன்ன பிறகு இன்னொரு தடவையும் கேள். அப்பா முறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உனக்குத் தண்ணீர் கொடுத்த
அப்பா