விரல் வைத்த வசனம்

இராஜபாளையம்
ஞாயிறு மாலை

அன்பு மகன் மெல்வினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதினால் இந்தத் தடவை அது பாதிதான் உண்மை. நீ தோஹாவில் சுகமாக இருக்க வேண்டும், வெயிலில் மாடி ஏறி ஏசி மாட்டும்போது மறக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் இதென்ன காகிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அவள் எதிரில் இதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் எழுதி, உன் அக்கா இவாஞ்சலினிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, மாத்திரையில் சரியாகிவிடும் என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம், கோபப்படாதே. புரட்டாசி சனிக்கிழமை என்று யோசிக்காமல் அக்கா வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள், அந்த ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோவிலுக்குப் போகிற கூட்டத்தில் நின்றுகொண்டே போனதில் உதடு கறுத்துவிட்டது. அக்கா அப்படியே மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, அறுத்து மாற்றித்தான் ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் செவ்வாய்க்கிழமைக்குத் தேதி கொடுத்தார்.

அம்மாவின் பழக்கம் உனக்குத் தெரியாததா, காலையில் கண்ணை மூடி வேதத்தைத் திறப்பாள், விரல் விழுந்த வசனம்தான் அன்றைக்கு அவளுக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை. ஃப்ரிட்ஜ் வாங்கியதும் விரலைக் கேட்டுத்தான், நீ விமானம் ஏறியதும் விரலைக் கேட்டுத்தான். சாபமோ சண்டையோ வந்தால் இது எனக்கில்லை என்று மறுபடி மூடித் திறப்பாள், நல்லது வரும்வரை விடமாட்டாள். ஆனால் ஆபரேஷனுக்கு முந்தின திங்கட்கிழமை மறுபடி திறக்கவில்லை. ஒரு தீர்க்கதரிசியைப் பார்த்து, உன் மனைவியை ஒரே அடியில் எடுத்துக்கொள்ளப் போகிறேன், நீ அழக்கூடாது என்று ஆண்டவர் சொல்கிற இடம் அது. சத்தமாக வாசித்தவள் பாதியில் நின்றாள், மிச்சத்தையும் வாசி என்று நான்தான் சொன்னேன், என் வாயை என்ன சொல்ல. வாசித்து முடித்து, நான் மதுரைக்கு வரலைங்க, கர்த்தர் பேசிட்டாரு என்றாள். அக்கா அழுது பார்த்தாள். போதகர் வீட்டுக்கே வந்து, அது அந்த மனுஷருக்கு அந்த நாளில் சொன்னதம்மா, வேதம் நமக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கிற பெட்டி இல்லை என்றார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள், செவ்வாய்க்கிழமையும் போய்விட்டது. எனக்கு என்ன பயம் என்றால், அந்த வசனம் மனைவியைப் பார்த்துச் சொன்னதில்லை, புருஷனைப் பார்த்துச் சொன்னது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. பகலில் அவள் சற்றுக் கண்ணயர்ந்தால்கூட நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அதற்குப் பிறகு அவள் வேதத்தைத் தொடவே பயந்தாள். ஜெபம் இல்லாமல் விடிவது எனக்கு என்னவோ போல இருந்தது, இத்தனைக்கும் நான் ஆமென் சொன்ன கையோடு காபிக்குக் கை நீட்டுகிற ஆள். ஒரு காலையில் நானே எடுத்து உட்கார்ந்தேன். மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு முதலிலிருந்து தொடங்கத்தான் தெரியும், புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தை எடுத்தால் முழுக்கப் பெயர்கள். நான் தடுமாறுவதைக் கேட்டு அடுப்படியிலிருந்து, செருபாபேல்னு சொல்லுங்க, என்னத்தையோ செருப்புங்கிறிய என்றாள். மறுநாள் நிலைப்படிவரை வந்தாள், அதற்கடுத்த நாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், இன்று எது வருகிறதோ அதுதான், பிடிக்கவில்லை என்று மூடித் திறப்பதில்லை. நேற்று இயேசுவும் சீஷர்களும் போகிற படகில் புயல் அடிக்கிற பகுதி வந்தது. செத்த நேரம் நிறுத்துங்க என்றாள். அவரு அந்தப் படகுலயே இருக்காரு, அப்பவும் அவிய பயந்து கத்தியிருக்காவ, பயந்தவியள கரையில எறக்கி விட்டுட்டுப் போகலையே அவரு என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேதி கேளுங்க, வாரேன், ஆனா பயம் போயிருச்சுன்னு மட்டும் நெனைக்காதிய என்றாள்.

அக்கா உடனே மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டாள், வியாழக்கிழமை காலை ஆபரேஷன். உன்னை டிக்கெட் போடு என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, நீயே யோசித்துக்கொள். ரத்தம் கொடுக்க அக்கா வீட்டுக்காரர் ஆள் பிடித்துவிட்டார். இன்று காலை வாசித்து முடித்ததும் அம்மா, இன்னிக்கி நீங்க ஜெபிங்க என்றாள். எப்போதும் அவள்தான் ஜெபிப்பாள், நான் ஒரு நாளும் வாய்விட்டு ஜெபித்ததில்லை. முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, இவ எனக்கு வேணும் என்று மட்டும் வந்தது, அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. அம்மா வெகுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஆமென் என்றாள்.

வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்புமுன் நீயும் முழங்காலில் நில், அழகான வார்த்தை தேடாதே. ஆண்டவர் உன்னை ஏணியிலும் தெருவிலும் கைப்பிடித்து நடத்தட்டும். அம்மாவிடம் பேசும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே.

உன் அப்பா
வேதசிரோமணி