தூக்குவதும் தாங்குவதும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கடையும் குறையில்லாமல் இருக்கிறோம், என் இடது முட்டி மட்டும் படியேறும்போது நானும் இருக்கிறேன் என்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்வதற்குள் நான் சொல்ல வந்ததில் பாதி போய்விடுகிறது. போன வாரம் உன் பழைய காரின் படங்களையும் வாங்கப்போகும் கருவிகளின் பட்டியலையும் அனுப்பினாயே, அன்று ஒன்றுதான் கேட்டேன், என் கடிதம் வரும்வரை வண்டிக்கு அடியில் போகாதே என்று. நீ சிரித்தாய். சிரிக்கிற விஷயம் இல்லை கண்ணு. ஏன் என்று இதிலேயே எழுதுகிறேன், நடுவில் தாவாமல் படி.

முதலில் பட்டியலுக்கு வருகிறேன். அந்த இருநூற்றுப் பதினாறு சாமான் பெட்டியை வாங்காதே. அதை நானே நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ திருகும் விரல்நுனி அளவு பிட்டுகள், ஒரே அளவு சாக்கெட்டை மூன்று இடத்தில் மூன்று நீளத்தில் வைத்து மூன்றாக எண்ணியிருப்பான் கம்பெனிக்காரன், பெட்டியின் பூட்டு முதல் மாதத்திலேயே உடையும். வேலை தெரிந்தவன் யாரும் அதை என் கடையில் கேட்டதில்லை, பரிசு கொடுக்க வருகிறவர்கள்தான் கேட்பார்கள். உனக்கு வேண்டியது நல்ல இரும்பில் கொஞ்சம் சாமான். நட்டைத் திருக ராட்செட் கைப்பிடி ஒன்று, அதன் முனையில் மாட்ட ஆறு மூலை சாக்கெட்டுகள். பன்னிரண்டு மூலை வேண்டாம், நாற்பது வருஷத்து நட்டின் மூலைகள் ஏற்கெனவே மழுங்கியிருக்கும், பன்னிரண்டு மூலை அதைப் பிடிக்காது, வழுக்கும். இன்னொன்று, உன் வண்டியின் வயசைப் பார்த்தால் அது அங்குல அளவு நட்டாகத்தான் இருக்கும். நீ மில்லிமீட்டர் செட் எழுதியிருக்கிறாய். அரை அங்குல நட்டில் பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் அழகாக உட்கார்ந்த மாதிரி இருக்கும், அழுத்திப் பார்த்தால்தான் தெரியும், மூலையைத் தின்றுவிட்டு உன் விரல் முட்டியைக் கொண்டுபோய் இரும்பில் இடிக்கும். வாங்குவதற்கு முன் நாலு நட்டை அளந்து பார். துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் அடித்துவிட்டு ஒரு ராத்திரி விடு, பலத்தைக் காட்டாதே, காட்டினால் போல்ட் தலை கையோடு வரும். ஸ்க்ரூடிரைவர் ஆறு போதும், அதில் ஒன்று மட்டமானதாக இருக்கட்டும், நெம்பவும் சுரண்டவும் அதைத்தான் எடுப்பாய், நல்லது தப்பிக்கும். சக்கர நட்டை இறுக்க, இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் ஒன்று கட்டாயம், கை சொல்லும் கணக்கை நம்பாதே, கோபமாக இருக்கிற நாளில் கை ஒரு கணக்குச் சொல்லும், பசியாக இருக்கிற நாளில் வேறு. சாமானைக் கவ்விப் பிடிக்க வைஸ் வாங்கினால் அதை மேஜையோடு போல்ட் போட்டுவிடு. பெயின்ட் அடிக்கிற மெஷின், வெல்டிங் இதெல்லாம் இப்போது தொடாதே, வேலை வந்து உன்னைக் கேட்கும்போது வாங்கலாம். இவ்வளவையும் எழுதிவிட்டு உன் அப்பாவிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன், "பெத்த பொண்ணுக்கு எழுதுறியா, கொட்டேஷன் போடுறியா? கீழ சீல் ஒண்ணு குத்திடு" என்றார். லைப்ரரியில் முப்பது வருஷம் இருந்தவர், ஆணி அடிக்கச் சொன்னால் ஆணியைப் பற்றிப் புத்தகம் தேடுவார். அவரிடம் கொடுத்தது அதுவரைக்கும்தான். இனி எழுதப்போவது அவருக்கும் தெரியாது.

உன் பட்டியலில் ஒன்பதாவது வரியில் நீ எழுதியிருப்பது இது: "ஜாக் ஏற்கனவே வாங்கிட்டேன்மா, ரெண்டு டன் தாங்கும், அதனால ஸ்டாண்ட் இப்போதைக்கு வேணாம்." அந்த வரியைக் கடையில் நின்றபடி படித்தேன், வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். நம் பல் டாக்டரை நினைவிருக்கிறதா, உனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியவர், பிடுங்கிய பல்லைக் கையில் கொடுத்து "இதுக்கு நீதான் ஓனர்" என்றாரே, அவர். அவரிடமும் உன்னைப் போல ஒரு பழைய வண்டி இருந்தது. என் கடையில் ஸ்பேனர் வாங்க வந்தால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஏதோ சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பார், "டாக்டர், அதுக்கு வாய் மட்டும்தான் இருக்கு, பல் இல்ல" என்பேன். நீ வேலை கிடைத்துப் புறப்பட்ட வருஷம் அவருக்கு வலது கை நசுங்கியது. எப்படி நசுங்கியது என்று உனக்கு நான் சொன்னது, அவசரக்காரர், ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போய்விட்டார் என்று. உனக்கு மட்டும் இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

நடந்தது இதுதான். அவர் ஜாக் வாங்க வந்த அன்று கடையில் கூட்டம். ஒரு கையில் ஜாக்கைத் தூக்கிக்கொண்டு, "இதுமேல வண்டிய நிறுத்திட்டு அடியில படுத்து வேலை பார்க்கலாமா? தாங்குமா?" என்று கேட்டார். நான் பில் எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ரெண்டு டன் தாங்கும் டாக்டர், யானையே படுத்துக்கலாம்" என்றேன். பெட்டியின் மேல் போட்டிருந்தது இரண்டு டன் தூக்கும் என்று. தூக்குவது வேறு, தாங்குவது வேறு. ஜாக் தூக்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. தாங்குவதற்கு ஸ்டாண்ட். இதை என்னிடம் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறவள் நான். இருந்தும் கேட்டவர் தாங்குமா என்றார், என் வாய் தாங்கும் என்றது. கடைக்காரியின் வாய், தாங்குமா, உழைக்குமா, துருப்பிடிக்காதா, எதைக் கேட்டாலும் ஆமாம் என்றே பழகின வாய். ஸ்டாண்ட் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் புகைக்குழாயின் போல்ட்டைக் கழற்ற இழுத்தபோது வண்டி ஆடியது, ஜாக் சரிந்தது, தலையை வெளியே இழுத்துக்கொண்டார், கையை இழுக்க நேரம் இல்லை. இரண்டு விரல் இன்றுவரை மடங்காது. அதற்குப் பிறகு அவர் யார் வாயிலும் மெஷின் பிடிக்கவில்லை, எக்ஸ்ரே பார்த்து யோசனை சொல்வதோடு சரி, மற்றதை உதவி டாக்டர் செய்கிறாள். அவர் கையில் கட்டோடு இருந்தபோது பார்க்கப் போனேன். நானாகச் சொல்லவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதத்திலிருந்து ஸ்டாண்ட் எடுக்காதவர்களுக்கு ஜாக் தரமாட்டேன் என்று கடையில் சட்டம் போட்டேன், பார்த்தவர்கள் பொறுப்பான அம்மா என்றார்கள், நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன்.

உன் வரியைப் படித்த மறுநாள் அவர் கிளினிக்குக்குப் போனேன். கடைசி ஆளாக உள்ளே போய், பல் காட்டுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து, அன்று நீங்கள் கேட்டீர்கள், நான்தான் தாங்கும் என்றேன் என்று சொன்னேன். என் பொண்ணு அதே வார்த்தையை எழுதியிருக்கிறாள், அதனால்தான் வந்தேன் என்றும் சொன்னேன். அவர் கோபப்படுவார், இல்லையென்றால் பரவாயில்லைம்மா என்பார் என்று இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் நாற்காலிக்கு மேலிருந்த விளக்கை அணைத்தார். "அப்போ நான் கேட்டேனா?" என்றார். "கேட்டீங்க டாக்டர்" என்றேன். "நல்லா ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "இத்தனை வருஷமா நான் கேட்கவே இல்லையோன்னு நினைச்சுட்டு இருக்கேன்மா. என் வீட்டுக்காரி தினம் சொல்லுவா, ஒரு வார்த்தை விசாரிக்கிறதுக்குக்கூட பொறுமை இல்லாத மனுஷன்னு. கேட்ட மாதிரி இருக்கேன்னு ஆரம்பத்துல சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் அவசரக்காரன், அவசரக்காரன்னாங்க. சரி, நாமதான் கற்பனை பண்றோம்னு விட்டுட்டேன்" என்றார். அவர் கையை மட்டும்தான் நான் கெடுத்தேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவர் புத்தியையே அவர் நம்பாதபடி செய்திருக்கிறேன், ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி. புறப்படும்போது, "இதை என் வீட்டுல வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறேன். அந்த அம்மா என்ன சொல்வாரோ, வாசலோடு திருப்பி அனுப்பினாலும் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். அதற்கு முன் உன் அப்பாவிடமும் சொல்லவேண்டும்.

அதனால் கண்ணு, உன் ஜாக்கை நான் குறை சொல்லவில்லை, தூக்கட்டும். ஸ்டாண்ட் இரண்டு ஜோடி வாங்கு, பார்சலில் அனுப்பினால் கனம், அங்கேயே கடையில் நேரில் போய்த் தூக்கிப் பார்த்து வாங்கு, அடி அகலமாக இருக்கட்டும். செங்கல், சிமென்ட் கல் எதையும் அடியில் வைக்காதே, நொறுங்குவதற்கு முன் அது சொல்லாது. சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போடு. நான் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிறேன் என்பாயே, இதற்கு மட்டும் நிஜமாகவே போடு. வண்டியை ஸ்டாண்டில் இறக்கிய பிறகு இடுப்பால் நன்றாகத் தள்ளிப் பார், ஆடினால் திரும்ப வை. வீட்டில் ஆள் இல்லாதபோது அடியில் போகாதே, "இந்த டப்பாவுக்கு என்னைவிட வயசு அதிகம்" என்று மாப்பிள்ளை கேலி செய்தால் செய்யட்டும், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேலி செய்யச் சொல். கடைக்காரன் எது சொன்னாலும் அவன் தலையை நிமிர்த்தி உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறானா என்று கவனி, இல்லையென்றால் இன்னொரு தடவை கேள். வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உன் கைக்கு வேலை தெரியும், சின்ன வயசில் கடைச் சாமானை வைத்து நீ கழற்றாத பூட்டு இல்லை. அது ஓட ஆரம்பித்ததும் அந்தச் சத்தத்தைப் போனில் கேட்கவை.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி அண்டாமல் பல்லாண்டு நன்றாக இருங்கள். ஸ்டாண்ட் வாங்கிய விவரத்தை எனக்கு மட்டும் சொன்னால் போதாது. பல் டாக்டர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவரையும் கூப்பிட்டுச் சொல். அவரை நீயும் அவசரக்காரர் என்றுதான் நினைத்திருந்தாய் என்பதையும் சொல்லிவிடு.

உன்னைப் பெற்ற,
அம்மா