காற்றறை மீட்டர்

நிலா நிலையம், பணிப்பதிவு
எழுதுபவர்: மரகதவல்லி, கருவிப் பொறியாளர்

பதிவு 212 | 09:10
காற்றறை மீட்டரைச் சரிசெய்தேன். வெளியே போய் வருகிறவரின் உடையில் அமோனியா ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது இதன் வேலை. உள்ளே 5 வோல்ட் இருக்க வேண்டும். என் மல்டிமீட்டர் 5.6 காட்டியது. திருகை இறக்கி 5-க்குக் கொண்டுவந்தேன். இதைக்கூடப் பார்க்காமல் ஊருக்குக் கிளம்பிய முந்தைய குழுவை என்ன சொல்ல! நிலையத்தில் இப்போது நானும் தூத்துக்குடிக்காரன் இருதயராஜும்தான். அமோனியா ஓடும் குளிர்குழாயைப் பார்க்க அவன் வெளியே போயிருக்கிறான்.

பதிவு 213 | 12:40
திரும்பி வந்து, வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலுள்ள காற்றறையில் நிற்கிறான். மீட்டர் 312 காட்டுகிறது. 20-க்குக் கீழே இறங்கினால்தான் உள்கதவு திறக்கும். கையால் திறக்க வழியில்லை, மனிதர்கள் இரக்கப்பட்டுவிடுவார்களாம். சோதனைக்காக அறையில் விடும் காற்று மூச்சுக்குப் போதாது. தலைக்கவசத்தைக் கழற்ற முடியாது.
"யக்கா, குழாய்ல ஒரு சொட்டுகூட ஒழுகலயே. மீட்டரப் பாருங்க."
"காலையில என் கையால சரிபண்ணது. போய் வெயில்ல நில்லு, ஆவியாயிடும்."
எனக்கே பாடம் எடுக்கிறான்.

பதிவு 214 | 13:35
ஐம்பது நிமிடம் வெயிலில் நின்றுவிட்டு வந்தான். அதே 312. ஆவியாகிற பொருள் ஒன்றுகூடவா குறையாது? அவனிடம் இருபத்தைந்து நிமிடக் காற்று இருக்கிறது.

பதிவு 215 | 13:49
புது ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றை அளந்தேன். மல்டிமீட்டர் பத்தேகால் என்றது. பொய் சொல்வது இதுதான். இதன் பேட்டரி சாகக் கிடக்கிறது. அப்போது எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும். எச்சரிக்கை அடையாளம் காலையிலேயே சிமிட்டியது. பார்த்தேன். திரை அணைகிறவரை பேட்டரி மாற்றுவதில்லை, பதினெட்டு வருடப் பழக்கம்.
சரியாக இருந்த காற்றறை மீட்டரை நான்தான் கெடுத்தேன். 5-க்குக் குறைந்தால் அது இல்லாத வாயுவைக் காட்டும்.
திருகைப் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டேன். ஒரு நிமிட வேலை. ஆனால் மூடியைத் திறந்து மூடினால் மீட்டர் முப்பது நிமிடம் சூடேறிய பிறகே அளக்கும். அதுவரை கதவு அசையாது. அவனுக்கு இருப்பது பதினோரு நிமிடம்.

பதிவு 216 | 13:56
உண்மையைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.
"இன்னும் விஷம் இருக்குடா தம்பி. கொறஞ்சிட்டே வருது."
"நாந்தான் எங்கயோ ஒரசிட்டேன்போல. ஒங்கள சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சிக்கிடாதீய. என்ன ஆனாலும் கதவ ஒடச்சித் தொறந்துராதீய யக்கா, ஒங்களுக்கும் ஆபத்து."
ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அழுதேன். அப்போதும் சொல்லவில்லை.

பதிவு 217 | 14:19
அளவு 0. கதவு தானாகத் திறந்தது.
இருதயராஜ் இறந்துவிட்டான். எதிர்ச்சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருக்கிறான், தன் உடை என் பக்கத்துக் கதவில் பட்டுவிடக் கூடாதென்று.