கொவென்றி கப் வென்றபோது நான் பல்கனியில் நின்றேன்

டோர்செட் பார்க், ரொறன்ரோ
18.5.1987

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் முழங்காலுக்கும் அம்மாவின் இருமலுக்கும் மாதா துணை. நான் சுகம்.

என் கோபத்தை இங்கே யாரிடம் சொல்வது? சனிக்கிழமை நம் இங்கிலாந்து ஃபுட்போல் அணி, கொவென்றி, எஃப்.ஏ. கப்பை வென்றுவிட்டது! முந்திய மூன்று சீசனும் லீக்கில் கடைசி ஆட்டம்வரை தத்தளித்துத் தப்பியவர்கள். அந்த வெற்றியை நான் கேட்கவில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தால் அவர்கள் தோற்பார்கள் என்று நீங்கள் முற்றத்துக்குப் போய்விடுவீர்களே, அதேபோல நானும் பல்கனியில் குளிரில் நின்றேன். என்னோடு அறையில் இருக்கும் பாக்கியராசா அண்ணையிடம் ரேடியோவைக் கேட்டு ஸ்கோர் சொல்லச் சொன்னேன். அவர் கிரிக்கெட் பைத்தியம். ஐந்து தரம் "கோல்!" என்று கத்தினார்.

"ஆர் அண்ணை அடிச்சது?"

"எனக்கென்ன தெரியும்? அவங்கள் கத்துறாங்கள், நானும் கத்துறன்!"

பொறுக்காமல் உள்ளே வந்தேன். ஆட்டம் முடிந்திருந்தது. இங்கே வந்து நான்கு வருடம் காத்திருந்தது இதற்குத்தானா?

வேலைக்குப் பஸ் வரப்போகிறது. ஒன்று மட்டும், ஐயா. இருட்டினால் ஊருக்கு மேலே ஆமியின் ஹெலி சுற்றிச் சுடுகிறது என்று அக்கா எழுதியிருந்தா. அங்கே ஆட்டம் கேட்பது இரவில்தானே, இனிமேல் ஆட்டம் நடக்கும்போது முற்றத்துக்குப் போகாதீர்கள். உள்ளே, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். கொவென்றி தோற்றால் தோற்கட்டும்.

மகன்,
மரியசீலன்