நாளைத் தேதி போட்ட சாண்ட்விச்

அன்புள்ள மகள் சுகாசினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் முட்டிவலி எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. டப்ளினில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி வேலையும் எப்படி என்று தெரியவேண்டும். பருப்புப்பொடிப் பார்சலோடு இதையும் வைக்கிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் தினம் மத்தியானம் கடையில் வாங்கும் சாண்ட்விச்தான் என்று நீ சொன்னதற்கு, "அதெல்லாம் ஒரு சாப்பாடாம்மா" என்று நான் கத்தப்போக, பன்னிரண்டு நாளாக நீ அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய்.

வியாழக்கிழமை வாலாஜாபாத்தில் லில்லி சித்தி வீட்டுப் புதுமனை விசேஷம். பஸ்ஸில் இடம்பிடித்து அம்மாவை உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் வாங்க இறங்கினேன். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரே புதிய பேக்கரியில், நீ போட்டோ அனுப்பினாயே, அதே முக்கோண டப்பா. என் பெண் எதைத்தான் தின்கிறாள் பார்ப்போம் என்று ஒன்று வாங்கினேன். வெட்டிய பக்கம் தக்காளி, வெள்ளரி, முட்டை எல்லாம் கல்யாணக் கூட்டம் மாதிரி பிதுங்கிக்கொண்டு நிற்கிறது, பிரித்தால் உள்ளே வெறும் ரொட்டி, சரக்கு மொத்தத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டான். ஓரம் விறைப்பு, நடுவில் நசநசவென்று ஈரம். முப்பத்திரண்டு வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டராக டிக்கெட்டில் தேதி பார்த்த கண் சும்மா இருக்குமா, டப்பாவைத் திருப்பினேன். செய்த தேதி வெள்ளிக்கிழமை என்று இருந்தது. அன்றைக்கு வியாழன்! கவுண்டரில் இருந்த திரிஷா என்ற பெண்ணைக் கேட்டால், "தேதி நாளைக்குன்னா இன்னும் ஃப்ரெஷ்ஷுதானே அங்கிள்" என்கிறாள். நான் சண்டை போடவில்லை, அம்மா வேறுமாதிரி சொல்வாள், நம்பாதே. "நாளைக்கு டிக்கெட்ட வெச்சிக்கினு இன்னைக்கு வண்டியில ஏறலாமாம்மா" என்றுதான் கேட்டேன், சத்தம் கொஞ்சம் கூடியிருக்கலாம். முதலாளி தினகரன் ஓடிவந்து மிஷினில் தேதி மாறிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு, "நீங்களே பாத்து சொல்லுங்க சார், ஆகாததத் தூக்கிப் போட்டுர்றேன்" என்றார். விடுவேனா, பதினாலு டப்பாவையும் வரிசையாக வைத்து, மூடி உப்பியது, ரொட்டி ஊறியது, முட்டை மோப்பத்தில் தேறாதது என்று ஒன்பதை இறக்கிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பஸ்ஸைக் காணோம், அம்மாவும் இரண்டு டிக்கெட்டும் அதற்குள்ளே. ஐயம்பேட்டை தாண்டி போன் செய்தாள், "நீங்க அங்கயே ரொட்டிக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சிக்கினு இருங்க" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த பஸ் வரும்வரை, தேறிய ஐந்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். சொன்னால் நம்பமாட்டாய், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. நீ தினமும் இப்படித்தானே சாப்பிடுகிறாய் என்று நினைத்தபோது, உன்னிடம் கத்தியது தப்பு என்று பட்டது. குறையெல்லாம் சாண்ட்விச்சில் இல்லையம்மா.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பித் தேதி பார், வெட்டிய பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. ஆண்டவர் உன்னை எந்தக் குறையுமில்லாமல் காப்பாராக. மறக்காமல் ஒன்று செய், மத்தியானம் டப்பாவைப் பிரிக்கும்போது எனக்குப் போன் போடு. இங்கே சாயங்காலம், எனக்கு வேலை ஒன்றுமில்லை. நீ பேசவேண்டாம், நான் அறிவுரையும் சொல்லமாட்டேன். நீ தின்று முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு கூட உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனசேகரன்