வானத்தின் ஓரத்தில் வலைத்துணி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள். தையல் மிஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை. பார், ஒரு விரலில் குத்தியதைக்கூட நான் உன்னிடம் மறைக்கவில்லை. அப்பாவும் தங்கையும் நன்றாக இருக்கிறார்கள். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக இந்த முறை எனக்கு மனசு வரவில்லை. போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் காகிதம். முடித்ததும் தங்கை இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள், முழுதாகப் படி, நடுவில் நிறுத்தாதே.

மூன்று வாரமாகத் தினமும் ஒரு வானம் அனுப்புகிறாய். அலுவலக மொட்டைமாடியில் ஒரே இடத்தில் நின்று, காலை ஏழு மணிக்கு, ஒரே ஒரு படம், எதையும் வெட்டக் கூடாது, நிறத்தை மாற்றக் கூடாது, வருஷம் முழுக்க எடுத்து ஒரு புத்தகமாக்கப் போகிறேன் என்றாய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மழை வருகிறது என்று நான் கத்தினால் ஒழிய அண்ணாந்து பார்க்காத பெண் நீ, உனக்கு எங்கிருந்து திடீரென்று வானத்தின் மேல் ஆசை என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. அதே வாரத்தில் முகம் காட்டிப் பேசுவதையும் நிறுத்திவிட்டாய். கேமரா கெட்டுவிட்டது என்றாய். வானத்துக்கு மட்டும் வேலை செய்கிற கேமராவா அது? உன் அறைத்தோழியைக் கூப்பிட்டால் காலையிலும் அவ குளிக்கிறா ஆன்ட்டி, மூன்று மணிக்கும் அவ குளிக்கிறா ஆன்ட்டி, விளக்கு வைத்த பிறகும் அவ குளிக்கிறா ஆன்ட்டி. பாவம், அவளுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை.

முதலில் யாரோ ஒரு பையன் என்றுதான் நினைத்தேன். எங்கள் பட்டறையில் துணி வெட்டுகிறவளிடம் படங்களைக் காட்டினேன், அக்கா இந்த வயசுல வானத்தப் பாக்க ஆரம்பிச்சா அதுக்கு வேற பேருக்கா என்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்பாவோ, முப்பது வருஷமா பஸ் கண்ணாடி வழியா நானுந்தான் வானத்தப் பாக்குறேன், ஒருத்தி சந்தேகப்பட்டாளா, நீ போலீசுக்குப் போயிருக்க வேண்டியவடி என்றார். பையனாக இருந்திருந்தால் நான் இப்போது நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பேன்.

இதற்குள் உன்னைப் பார்த்துத் தங்கையும் ஒரு வானம் ஆரம்பித்தாள். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தன் இரண்டு பாதத்தையும் சாக்பீஸால் வரைந்து, அதன் மேலேயே நின்று, அப்பாவின் போனில் தினமும் ஏழு மணிக்கு எடுக்கிறாள். நோட்டில் தேதி, மேகம், காற்று எல்லாம் எழுதுகிறாள். பத்து நாள் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எதிர்வீட்டு ஆன்டெனா ஒருநாள் நடுவில் நிற்கிறது, ஒருநாள் ஓரத்துக்குப் போய்விடுகிறது. கோடு போட்டு நின்றும் அப்படி. உன் படங்களின் அடியில் தெரிகிற விளக்குக் கம்பத்தின் நுனி ஒருநாளும் விரலளவு நகரவில்லை. அக்கா நின்னு எடுக்கலம்மா, எங்கயோ சாஞ்சுக்கிட்டு எடுக்குறா என்றாள். உன் படங்கள் ஒன்றைத் தவிர எல்லாம் சதுரமாக இருக்கின்றன, போன்ல எடுத்தா நீளமாத்தானே வரும், வெட்டக் கூடாதுன்னு சொன்னவளே வெட்டுறாளே என்றும் கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமைப் படத்தை மட்டும் நீ வெட்ட மறந்துவிட்டாய். வலது ஓரத்தில் மேகத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டமாக ஏதோ விழுந்திருக்கிறது. அது வலைத்துணி, அதற்குக் கீழே நீலத் துணி, இரண்டையும் சேர்த்து இரட்டைத் தையல். உன் அம்மா திரைச்சீலை தைக்கிறவள் என்பதை மறந்துவிட்டாயே கண்ணு. மேலே ஒரு முழம் வலையும் கீழே கெட்டித் துணியுமாக அறுபது திரை போன வருஷம் என் கையாலேயே தைத்தேன். திரையை மூடினாலும் உள்ளே காற்று வர வேண்டும் என்று மேலே வலை வைப்பார்கள். எந்த வீட்டிலும் எந்த ஹாஸ்டலிலும் அப்படிக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில், கட்டிலைச் சுற்றி மாட்டத்தான் கேட்பார்கள்.

அப்பாவிடம் காட்டினேன். வேறெங்கயாவது இருக்கும்டி என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டு டிப்போவுக்குப் போய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம்.

நீ ஏன் மறைத்தாய் என்றும் எனக்குத் தெரியும். பள்ளியில் நீ கை உடைத்துக்கொண்ட அன்று நான் அழுத அழுகையில், கட்டுப் போட்ட கையோடு நீதான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். இந்த முறை அழமாட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். ஆனால் அழுதுகொண்டே வேலை செய்யவும் எனக்கு வரும். கஞ்சி ஊட்டுவேன், தலை வாரிவிடுவேன், டாக்டர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டுக்கொள்வேன், தங்கை அதை எழுதிக்கொள்வாள். எல்லாம் என் வீண் சந்தேகம் என்றால் வந்த இடத்தில் வைத்து என்னைக் கேலி செய், ஆயுசுக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

நோய்நொடி எதுவானாலும் உன்னை விட்டு விலகட்டும், நூறு வயசு நன்றாக இரு. மாத்திரை கொடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு போடு, வெறும் வயிற்றில் போடாதே. நாளைக் காலை ஏழு மணிக்கு வானம் வேண்டாம். படுத்திருக்கிற அந்த அறையின் கதவைப் படம் எடுத்து அனுப்பு, எண் தெரியும்படி, ஆஸ்பத்திரியின் பெயரையும் எழுதி. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மா