என் போனில் பச்சை

ஆனி 12, செவ்வாய். இரவு.

பஞ்சவர்ணம் மதினியைக் காலையில் ஜீப்பிலிருந்து, அதை ஓட்டுகிற நான்தான் இறக்கிவிட்டேன்.

கொரோனா ஆப்பில் பச்சை காட்டினால்தான் குமுளி செக்போஸ்டில் ஜீப்பை விடுகிறார்கள். கூடலூரிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்கு வருகிற பெண்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது. காய்ச்சல், இருமல் உண்டா என்று அவரவர் போனில் ஆப் கேட்பதை நானே வாசித்து, அவர்கள் சொல்வதை அழுத்துவேன். எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றுதான் சொல்வார்கள். மதினி மட்டும், "ரெண்டு நாளா இருமல் இருக்குப்பா" என்றார். அழுத்தினேன். ஆரஞ்சு வந்தது.

பின்னால் இருந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எறக்கி விடுப்பா, எங்களுக்கும் ஒட்டிரும்" என்று ஒரே சத்தம். நானும் சேர்ந்துகொண்டேன். "நோய வச்சுக்கிட்டு எதுக்கு மதினி வர்றீக? அறிவு வேணாமா?" என்று கத்தினேன்.

மதினி தூக்குச்சட்டியோடு இறங்கினார். "கேட்டியேன்னு உள்ளதச் சொன்னேன். மத்தவுக எப்படிச் சொல்றாகன்னு பாக்காமப் போயிட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குக் காய்ச்சல். ஒரு நாள் லீவு போட்டால் முதலாளி வேறு டிரைவரைப் போட்டுவிடுவார் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். என் போனில் காய்ச்சல் உண்டா என்று கேட்டபோதெல்லாம் "இல்லை" என்றே அழுத்தினேன்.

மதினி தினமும் முன் சீட்டில், என் பக்கத்தில்தான் உட்காருவார். இருமல் வந்து அவருக்கு இரண்டு நாள்தான் ஆகிறது.

என் போன் இப்போதும் பச்சையாகத்தான் இருக்கிறது.